விமானத்துக்குச் சடை பின்னிய அண்ணி

என் அண்ணி தலைமுடி வெட்டுகிறவள். விமானமும் கட்டியவள். முடியை முதலில் சொன்னால், “பொம்மை விமானமா?” என்று கேட்கிறார்கள். விமானத்தை முதலில் சொன்னால், “அப்புறம் எதுக்கு இன்னும் முடி வெட்டிக்கிட்டு இருக்காங்க?” என்கிறார்கள். பொம்மை இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வானத்தில் போகிற நிஜ விமானம். எங்கள் பார்லருக்குப் பின்னால் இருக்கிற ஷெட்டில், ஷாம்பு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில், அது வாலிலிருந்து மூக்கு வரை வளர்ந்தது. நான் கூடவே இருந்து பார்த்தேன். கல்லாவில் உட்காருவதும் வருகிறவர்களின் நகத்துக்குச் சாயம் பூசுவதும் என் வேலை. வாயடிப்பதும் என் வேலைதான் என்று அண்ணன் சொல்வான். அவன் கிடக்கிறான்.

அண்ணி கல்யாணமாகி வந்த புதிதில் நான் அவளைக் கொஞ்சம் முறைத்துக்கொண்டுதான் இருந்தேன். நாத்தனாராகப் பிறந்துவிட்டு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? ஆனால் வந்த வாரமே அவள் என் தலைமுடியைக் கையில் பிடித்துப் பார்த்து, “யாரு உனக்கு இதை வெட்டினது? அவங்க மேல கேஸே போடலாம்” என்றாள். உட்கார வைத்து வெட்டியும் விட்டாள். கண்ணாடியைப் பார்த்தேன். அதோடு முறைப்பதை விட்டுவிட்டேன்.

கையில் எடுத்ததை முடிக்காமல் விடமாட்டாள் அண்ணி. அது நல்ல குணமா கெட்ட குணமா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஊர் எல்லையில் இருக்கும் பறக்கும் கிளப்பில் விமானம் ஓட்டச் சொல்லித்தரும் அம்மா ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். அவருக்கு இடுப்புவரை முடி. ஹெல்மெட்டுக்குள் அடங்காத அந்த முடியை அண்ணி ஒருநாள் தலையோடு ஒட்டினாற்போலப் பின்னி அடக்கிவிட்டாள். அவர் சந்தோஷத்தில், “வா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்” என்று கூப்பிட்டுப் போனார். போன அண்ணி வேறு, திரும்பி வந்த அண்ணி வேறு. அன்று மாலை ஒருத்தருக்குச் சாயம் போட வேண்டிய இடத்தில் கண்டிஷனரைப் போட்டுவிட்டு நின்றாள். பார்லருக்கு வார விடுமுறை என்று ஒரு நாள் உண்டல்லவா, அந்த நாளெல்லாம் கிளப்புக்குப் போனது. ஓட்டக் கற்றுக்கொண்டாள், உரிமமும் வாங்கினாள். அதற்கப்புறம்தான், “சொந்தமா ஒண்ணு கட்டலாம்னு இருக்கேன்” என்று குண்டைத் தூக்கிப் போட்டாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அண்ணன் மட்டும் முகமெல்லாம் பல்லாக நின்றான்.

அதற்குக் காரணம் உண்டு. அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. ஓடாதே, நனையாதே, தூசியில் நிற்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளை. மற்றவர்கள் விளையாடும்போது அவர்களுடைய சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்திருப்பான். பக்கத்து வீட்டில் குப்பை கொளுத்தினால் எங்கள் வீட்டு ஜன்னலெல்லாம் மூடுவோம். வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் ஆனான். ஆறு எங்கே வளைகிறது, மலை எங்கே முடிகிறது என்று பலகையில் ஒரே இழுப்பில் வரைந்து காட்டுவான். ஒருமுறை பெரிய விமானத்தில் போயிருக்கிறான். நடைபாதை ஓரத்து இருக்கை கிடைத்தது. பக்கத்து ஆள் ஜன்னலை மூடிவிட்டுத் தூங்கிப்போனார். “மேலேர்ந்து பாக்குற மாதிரியே வருஷம் பூரா வரையறேன். ஒருநாள்கூட மேலேர்ந்து பாத்ததில்ல” என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்வான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

“முதல்ல என் பக்கத்துல உக்காரப் போறது நீங்கதான்” என்று அண்ணி அவனிடம் சொல்லிவிட்டாள். சொன்னால் சொன்னதுதான்.

அவனுடைய டாக்டர் முதலில் மூஞ்சியைச் சுளித்தார். பிறகு யோசித்துவிட்டுச் சொன்னார்: “மழை விட்டு, பனி இறங்குறதுக்கு முன்னாடி சில வாரம் காத்து சுத்தமா இருக்கும். அப்போ உங்க நெஞ்சும் நல்லா இருக்கு. அந்த நேரத்துல, ரொம்ப உயரம் போகாம, காலை வேளையில போயிட்டு வாங்க. மத்த நாள்ல பேச்சே எடுக்காதீங்க.” அந்த வருஷத்துக்குக் கிடைத்த வாய்ப்பு அவ்வளவுதான். அதைத் தவறவிட்டால் அடுத்த வருஷம். அடுத்த வருஷம் அவன் நெஞ்சு எப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

விமானம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. அலுமினியத் தகடு ஒரு பெட்டி, தகடுகளைச் சேர்க்கிற ரிவெட் ஆணி ஒரு பெட்டி. செய்முறைப் புத்தகத்தை உரக்கப் படிப்பது அண்ணன் வேலை. வகுப்பில் படிப்பது போலவே நிறுத்தி நிறுத்திப் படிப்பான், முகமூடி போட்டுக்கொண்டு. அண்ணி துளை போட்டு, ஆணி அடித்து, தகடு சேர்ப்பாள். பார்லரில் வெட்டும் கைக்கு ஆணி அடிக்கத் தெரியுமா என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை முடியை நூல் பிடித்த மாதிரி வெட்டுகிற கை அது. ஆணிகள் வரிசை தவறவே இல்லை.

ஒயர் போடும் கட்டத்துக்கு வந்ததும் அண்ணிக்குக் குஷி தாங்கவில்லை. எந்த விளக்குக்கு எவ்வளவு கரண்ட், அதற்கு எவ்வளவு தடிமன் ஒயர், எங்கே எந்த ஃபியூஸ் என்று எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதில் தப்பே கிடையாது. ஆனால் வாங்கப் போன இடம் கார் மின்சாமான் கடை. அங்கே சுவர் முழுக்க வண்ண வண்ணமாக ஒயர் சுருள்கள் தொங்கின. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு, கிளிப்பச்சை, அதிலேயே கோடு போட்டது, கோடு போடாதது. துணிக்கடைக்குள் விட்ட மாதிரி ஆகிவிட்டது அண்ணிக்கு. அவள் அள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து, “விமானத்துக்கா, பொம்மலாட்டத்துக்கா?” என்று கேட்டேன். காதில் வாங்கவில்லை.

அதற்குமேல் அவள் செய்ததுதான் வேடிக்கை. ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து அங்கங்கே கட்டினால் போதும். அண்ணியின் கை சும்மா இருக்குமா? பின்னிவிட்டாள். பேட்டரியிலிருந்து வருகிறது நாலு கால் பின்னல். கருவிப் பலகைக்குப் பின்னால் அது அஞ்சு கால் பின்னலாகிறது. இறக்கை விளக்குக்குப் போகிற இடத்தில் இரண்டாகப் பிரிந்து ரெட்டைச் சடை. எந்த ஒயர் எங்கே போகிறது என்று வண்ணத்தை வைத்தே சொல்லிவிடலாம். அத்தனை மாலைப் பொழுதுகளும் அதில்தான் போயின. பார்லருக்கு வருகிறவர்களெல்லாம் தலையில் துண்டோடு ஷெட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். “எனக்கும் அதே மாதிரி போட்டு விடுங்க” என்று ஒருத்தி அடம் பிடித்தாள்.

விமானத்தைப் பார்வையிட்டு அனுமதி தருகிற ஆய்வாளரும் அந்தச் சமயம் ஒருமுறை வந்தார். வழுக்கைத் தலை, தங்கமான மனிதர். “என்ன ஒயர்மா போட்டிருக்கீங்க?” என்று கேட்டார். அண்ணி கருவிப் பலகையின் மூடியைத் தூக்கிப் பின்னலைக் காட்டினாள். அவர் வாயைப் பிளந்துவிட்டார். எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்தார். பின்னலுக்குப் பக்கத்தில் தான் நிற்கிற மாதிரியும் ஒன்று எடுக்கச் சொன்னார். கேட்ட கேள்வி அப்படியே காற்றில் போயிற்று. அவருக்கும் ஞாபகம் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

இப்படி எல்லாம் தயாராகி, மழையும் விடப்போகிற நேரத்தில்தான் சவுரி முடி அக்கா வந்தாள்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. எங்கிருந்தோ ஒரு சவுரி வாங்கி வந்திருந்தாள். அசல் முடி என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். “பாத்துச் சொல்லும்மா” என்று அண்ணியிடம் நீட்டினாள். இதற்கு எங்கள் தொழிலில் ஒரே வழிதான். ஒரு இழையை உருவி, நெருப்பில் காட்ட வேண்டும். அசல் முடியாக இருந்தால் பொசுங்கி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். போலியாக இருந்தால் உருகிச் சின்ன உருண்டையாகிக் கல் மாதிரி இறுகிவிடும். அண்ணி கைகழுவும் தொட்டிமேல் வைத்து லைட்டரால் கொளுத்தினாள். உருண்டைதான் வந்தது. அக்காவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. விற்றவனைத் திட்டிக்கொண்டே சவுரியைப் பையில் திணித்துக்கொண்டு போனாள்.

அண்ணி கையில் லைட்டர் இன்னும் இருந்தது. மேசைமேல் வெட்டிப்போட்ட ஒயர்த் துண்டு ஒன்று கிடந்தது, ஆரஞ்சு வண்ணம். சும்மா விளையாட்டாக, “இது அசலா போலியான்னு பாப்போம்” என்று அதையும் தொட்டிமேல் பிடித்துக் கொளுத்தினாள்.

கறுப்பாகப் புகை சுருண்டு எழுந்தது. விரலளவு துண்டுதான். ஆனால் கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஐயே, தூக்கிப் போடுங்க அண்ணி” என்றேன். அதற்குள் பின்கதவுப் பக்கம் இருமல் கேட்டது. அண்ணன் எங்களுக்கு டீ எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். தட்டைக் கீழே வைக்கக்கூட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு விசில் அடித்தது. நான் இன்ஹேலரைத் தேடி ஓடினேன். அண்ணி எல்லா ஜன்னலையும் திறந்தாள். அவன் சரியாகி உட்கார்ந்தபிறகும் அவள் நின்ற இடத்திலேயே நின்று, அந்தக் கருகிய துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு ஷெட்டுக்கு வெளியே ஒரு சோதனை வைத்தாள். அதே ஒயர்களில் ஒரு சின்னப் பின்னல் போட்டு, ஒரே ஒரு ஒயரில் மட்டும் பேட்டரியிலிருந்து அது தாங்குவதற்கு மேல் கரண்ட் விட்டாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த ஒயரின் உறை பளபளத்தது, கொழகொழத்தது, புகைந்தது. பின்னலில் அதைக் கட்டிக்கொண்டு கிடந்த மற்ற ஒயர்களும் சேர்ந்து உருகி ஒட்டிக்கொண்டன. தனித்தனியாக இருந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். புகையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு வந்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணி ஆய்வாளருக்குப் போன் போட்டாள். அவர் உண்மையைச் சொன்னார். வீட்டில் கட்டுகிற விமானத்துக்கு இந்த ஒயர்தான் போடணும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, கட்டுகிறவர் பொறுப்பு. “ஆனா நானா இருந்தா அதைப் போடமாட்டேம்மா. விமானத்துக்குன்னே செய்யற ஒயர் இருக்கு. சூடு தாங்கும், நெருப்பைப் பரப்பாது, புகையும் கம்மி. அன்னைக்கே கேக்கத்தான் வந்தேன். உங்க பின்னலைப் பாத்ததும் எனக்கே எல்லாம் மறந்துபோச்சு.” பாவம், அவரே வருத்தப்பட்டார்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். “எல்லா ஒயரையும் எடுத்துட்டு வேற போடப் போறேன்.”

அண்ணன் முகம் சுண்டிப்போனது. “எப்போ? புது ஒயர் வந்து, திரும்பப் போட்டு, ஆய்வாளர் பாத்து, நீ தனியா ஓட்டிப் பாக்குற சோதனையெல்லாம் முடிஞ்சு... அதுக்குள்ள பனி இறங்கிடும். இந்த வருஷம் அவ்வளவுதான்.”

“பாக்கலாம். வேகமா செஞ்சா முடியும்.”

“ஏம்மா, ஃபியூஸ் இருக்கில்ல? ஊர்ல ஓடுற காரெல்லாம் இந்த ஒயர்லதானே ஓடுது? யாருக்கு என்ன ஆச்சு?”

“கார்ல புகை வந்தா ஓரமா நிறுத்தி, கதவைத் திறந்து இறங்கிடலாம். மேல எங்கங்க இறங்குவீங்க?”

“நான் மூச்சைப் புடிச்சுக்கறேன்.”

சின்னப் பிள்ளை மாதிரி அவன் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க எதற்கும் அடம் பிடிக்காதவன் இதற்கு மட்டும் ஒற்றைக் காலில் நின்றான். அண்ணி பார்லருக்குள் போனாள். தன் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அந்தக் கத்தரிக்கோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முடியைத் தவிர வேறு எதையும் அது தொடக்கூடாது. நான் ஒருமுறை அதில் தையல் நூலை வெட்டிவிட்டதற்கு என்னோடு பேச்சையே நிறுத்தியவள் அவள். அதே கத்தரிக்கோலோடு விமானத்துக்குள் குனிந்து, கருவிப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, அஞ்சு கால் பின்னலை நறுக்கென்று வெட்டினாள். இன்னொரு பக்கம் போய் அங்கேயும் வெட்டினாள். செம்புக் கம்பி பட்டுக் கத்தரியின் முனை மழுங்கிப் போனது.

“இப்போ வேற வழி இல்ல” என்றாள். அந்தப் பின்னலைப் போட அவள் எத்தனை ஆசையாக உட்கார்ந்திருந்தாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அண்ணன் போய்ப் படுத்துவிட்டான். விடிந்து நான் பார்லர் திறக்க வந்தபோது ஷெட்டில் சத்தம் கேட்டது. அவன் முகமூடி போட்டுக்கொண்டு, வெட்டின ஒயர்களை ஒவ்வொன்றாக உருவி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். அண்ணி பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “வெளிச்சத்தை இந்தப் பக்கம் காட்டு, என் தலைக்குக் காட்டி என்ன பிரயோஜனம்?” என்று அவன் அதட்டினான். அண்ணி சிரித்தாள். சண்டை அதோடு முடிந்தது.

புது ஒயர் வாங்குவதில் அண்ணி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். மூன்று நான்கு கடைகளிலிருந்து மாதிரித் துண்டு வரவழைத்தாள். எல்லோருமே விமான ஒயர் என்றுதான் சொன்னார்கள். சவுரியை அசல் முடி என்று சொல்லவில்லையா, அப்படித்தான். தொட்டி பக்கம் வேண்டாம் என்று தெருக்கோடி மைதானத்துக்குப் போய் நானும் அவளும் ஒவ்வொன்றாகக் கொளுத்தினோம். ஒன்று உருகிச் சொட்டியது. ஒன்று கார் ஒயர் மாதிரியே கறுப்பாகப் புகைந்தது. கடைசியில் ஒன்று. அதன் உறை மெல்லிசு, ஆனால் நகத்தால் கீறினால் கீறல்கூட விழவில்லை. உறைமேல் அதன் தர எண் நீளத்துக்கும் அச்சாகியிருந்தது. உள்ளே செம்புக்கு ஈயம் பூசி வெள்ளியாக மின்னியது. லைட்டரைக் காட்டினால் ஓரம் கருகியது. லைட்டரை எடுத்ததும் அணைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, பழைய ஒயர் உருகின அதே அளவு கரண்டை அதிலும் விட்டுப் பார்த்தாள். சுட்டது, ஆனால் உறை அசையவில்லை.

“எரிஞ்சா எதுவுமே நல்லதில்ல. இது எரிய யோசிக்குது பாரு, அது போதும்” என்றாள் அண்ணி.

அவ்வளவு நல்ல ஒயருக்கு ஒரே ஒரு குறை. வெள்ளை. முழுக்க முழுக்க வெள்ளை. சுருள் வந்து இறங்கியதும் அண்ணி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு நெற்றியில் கை வைத்தாள். “ஊர்ல இருக்குற நரையெல்லாம் மறைச்சு விடறது என் தொழில். என் விமானத்துக்கு மட்டும் உச்சி முதல் பாதம் வரைக்கும் நரையா?” சாயம் போட வந்திருந்த ஒருத்தி, “ஒரு பாக்கெட் கலக்கி அதுக்கும் தடவிடுங்களேன்” என்றாள். பார்லரே சிரித்தது.

வண்ணம் இல்லாததால் ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் எண் போட்ட சின்ன உறை மாட்ட வேண்டியிருந்தது. அந்த வேலையை அண்ணி யாருக்குக் கொடுத்தாள் தெரியுமா? டிரையருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. தலை காய்கிறவரை கை சும்மாதானே இருக்கிறது? வார இதழ் புரட்டுவதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு கட்டு ஒயர். சவுரி முடி அக்காகூட வந்து மாட்டிக் கொடுத்தாள். அண்ணன் எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்ப்பான். அந்த உறைகள் சூட்டில் சுருங்கி ஒயரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பார்லரின் பெரிய டிரையரை வைத்து அண்ணி ஊதினாள், ஊதினாள், ஒன்றுமே ஆகவில்லை. “இத்தனை வருஷமா இதுல முடி கருகிடும்னு பயந்துகிட்டு இருந்தேனே” என்று அதை முறைத்தாள். பிறகு அதற்கென்று இருக்கிற சூட்டுத் துப்பாக்கியை இரவல் வாங்கினோம்.

தகட்டில் ஒயர் நுழைகிற ஓட்டையிலெல்லாம் ரப்பர் வளையம் போட்டாள், தகட்டின் விளிம்பு உரசி உறையை அறுக்காமல் இருக்க. பின்னல் கூடவே கூடாது என்று ஆகிவிட்டது. நேராகப் படிய வாரி, மெழுகு தடவிய நாடாவால் அங்கங்கே முடிச்சுப் போட வேண்டும். குதிரைவால் மாதிரி. ஒரு ஒயர் கெட்டால் அதை மட்டும் உருவலாம். அண்ணியின் மூளைக்கு இது நன்றாகப் புரிந்தது. விரல்களுக்குப் புரியவில்லை. மூன்று ஒயர் கைக்கு வந்தால் போதும், அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவை பின்ன ஆரம்பித்துவிடும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, “கை!” என்று அதட்டுவான். அவள் திடுக்கிட்டுப் பிரிப்பாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், “கை!” பார்லரில் உட்கார்ந்து நான் நகத்துக்குச் சாயம் பூசும்போதெல்லாம் பின்னாலிருந்து இந்தச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். கல்யாணமான இத்தனை காலத்தில் அவர்கள் இரண்டு பேரையும் அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. பனி இறங்கிவிடுமோ என்கிற பயத்துக்கு நடுவிலும் அப்படித்தான் இருந்தார்கள்.

மழை விட்டது. ஆய்வாளர் வந்தார். இந்த முறை மூடியைத் தூக்குவதற்கு முன்பே, “என்ன ஒயர்?” என்று கேட்டுவிட்டார், எங்கே மறுபடி மறந்துவிடுவோமோ என்று. பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். பின்னல் போனதில் அவருக்கும் கொஞ்சம் வருத்தம்தான், வெளியே சொல்லவில்லை.

இறக்கையைக் கழற்றி, லாரியில் ஏற்றி, விமானத்தைக் கிளப் மைதானத்துக்குக் கொண்டுபோய் மாட்டினோம். அதற்குப் பிறகு சோதனைப் பறப்புகள். சட்டப்படி அதையெல்லாம் அண்ணி தனியாகத்தான் ஓட்டி முடிக்க வேண்டும், பக்கத்து இருக்கை காலியாக. முதல் தடவை சக்கரம் தரையை விட்டபோது நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அண்ணன் இமைக்கவே இல்லை. தினமும் பார்லர் திறக்குமுன் போய் ஓட்டிவிட்டு வருவாள். வந்து கை கழுவிக்கொண்டு கத்தரியை எடுப்பாள், புதுக் கத்தரி. எங்கள் கவலையெல்லாம் அடிவானத்தின்மேல். ஒருநாள் காலையில் வயல்மேல் லேசாக வெள்ளை படர்ந்திருந்தது. அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டான். அன்றைக்கே டாக்டரும் போன் செய்தார். “இந்த வாரத்தோட சரி” என்றார்.

அந்த வாரத்தின் கடைசியில்தான் சோதனைகள் முடிந்தன. மறுநாள் காலை மூன்று பேரும் கிளப் மைதானத்துக்குப் போனோம். வானம் கழுவி விட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை பாக்கி. மூச்சு எவ்வளவு வேகமாக வருகிறது என்று ஊதிப் பார்க்கிற ஒரு குழாய் உண்டு. அதில் முள் டாக்டர் போட்டுக் கொடுத்த கோட்டைத் தாண்டினால்தான் ஏறலாம். அண்ணன் ஊதினான். முள் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் குழாயைப் பார்த்தான், விமானத்தைப் பார்த்தான். “பரவாயில்ல. நீ போயிட்டு வா. நான் இங்கேர்ந்தே பாக்கறேன்” என்றான். சட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்திருந்த பிள்ளையின் குரல்தான் அது. எனக்கு வந்ததே கோபம்.

“என்னண்ணா ஊதுற நீ? பயந்து பயந்து ஊதினா எப்படி ஏறும்? பரீட்சைக்கு வந்த மாதிரி தோளைத் தூக்கிக்கிட்டு நிக்கிற. உக்காரு முதல்ல. யாரும் விமானத்தைத் தூக்கிட்டு ஓடிடமாட்டாங்க.”

புல்லில் உட்கார வைத்தேன். அண்ணி அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவசரப்படுத்தவே இல்லை. வெயில் ஏற ஏற அவன் தோள் தானாக இறங்கியது. பிறகு எழுந்து நின்று ஊதினான். முள் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. நம்பாமல் இன்னொரு தடவை ஊதினான். மறுபடியும் தாண்டியது. நான் போட்ட கூச்சலில் கிளப் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பெல்ட்டை அண்ணிதான் மாட்டிவிட்டாள். இன்ஹேலரை அவன் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானையும் போட்டுவிட்டாள். கதவு மூடியது. விமானம் ஓடியது, எழும்பியது, சின்னதாகிக்கொண்டே போயிற்று. நான் தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். புகை வருகிறதா என்றுதான் என் கண் தேடியது, சொன்னால் அண்ணி திட்டுவாள். வானத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

திரும்பி வந்து நின்றதும் அண்ணன் இறங்கினான். என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டான், நிறுத்தவில்லை. “நான் போர்டுல ஆறு வரையறேன்ல, அது தப்பு. இன்னும் வளையுது. நம்ம ஊருக்குப் பின்னாடி ஒரு வளைவு இருக்கு, புத்தகத்துலயே இல்ல. பள்ளிக்கூடத்துக் கூரை தெரிஞ்சுது. உன் அண்ணி ஒரு பக்கமா சாய்ச்சுக் காட்டினா, நான் கத்தவே இல்ல, கேளு வேணும்னா.” கையை வைத்து ஆற்றைக் காற்றில் வரைந்து காட்டினான்.

“மூச்சு எப்படிண்ணா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

அவன் கை நடுவில் நின்றது. யோசித்தான். முகம் மாறியது.

“தெரியலடி” என்றான். “மேல இருந்தப்போ அதைப் பத்தி நினைக்கவே இல்ல. நீ கேட்டப்புறம்தான் ஞாபகமே வருது.”

அண்ணி சக்கரத்தில் ஏதோ பார்ப்பது போல் சட்டென்று குனிந்துகொண்டாள். எனக்குக் குனியக்கூடத் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே நின்று அழுதேன்.